அழகா இருக்கு, பிரி

1946 பிப்ரவரி 12, செவ்வாய்க்கிழமை. காலை ஐந்து மணி பத்து நிமிடத்துக்கு எழுந்தேன். சட்டைப்பைக் கடிகாரத்துக்குப் பதினெட்டுத் திருகு சாவி கொடுத்தேன். கிணற்றில் தண்ணீர் ஞாயிற்றுக்கிழமையைவிட அரை உறை இறங்கியிருந்தது. ஐந்து நாற்பதுக்குக் குளியல். ஆறு ஐந்துக்குக் கம்பங்கூழ், சின்ன வெங்காயம் நான்கு. ஆறு இருபதுக்குக் குடையைத் துடைத்து ஆணியில் மாட்டினேன். மழைக்கு அறிகுறி இல்லை.

என் டைரியில் அந்தப் பக்கத்தின் முதல் ஏழு வரிகள் இவைதான். அன்றைக்கு என் தங்கையின் கல்யாணம் உள்ளங்கை அகலமுள்ள ஒரு தாளை நம்பி நின்றது. நான் வெங்காயத்தை எண்ணியிருக்கிறேன்.

எட்டாவது வரியில்தான் டீச்சர் வருகிறார். "ஏழு மணிக்கு மிஷன் பள்ளி. டீச்சர் பெட்டியுடன் தயார்."

அவர் திருச்சுழி மிஷன் பள்ளியில் தையல் டீச்சர். அப்போது ஐம்பது வயதிருக்கும். வெள்ளைச் சேலையின் இடது தோளில் எந்நேரமும் நூல் கோத்த ஊசி ஒன்று குத்தியிருக்கும். பிள்ளைகள் அவர் திட்டுக்குப் பயந்ததில்லை, பாராட்டுக்குத்தான் பயந்தார்கள். ஒருத்தி மூன்று நாள் உட்கார்ந்து தைத்த ரவிக்கையைக் கொண்டுபோய்க் கொடுப்பாள். டீச்சர் அதைத் திருப்பிப் பார்ப்பார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார், "அழகா இருக்கு" என்பார். அந்தப் பெண்ணின் முகம் மலர்வதற்குள், "பிரி" என்பார். அழகாக இருப்பது எதனால் அழகாக இருக்கிறது என்று பிரித்துப் பார்த்தால்தான் தெரியுமாம். கோணலாக இருந்தாலும் அதே வைத்தியம்தான். ஆக, அவர் கையில் போன எதுவும் ஒரு தடவையாவது பிரியாமல் திரும்பியதில்லை. பள்ளிக்கூடத்து ஆர்மோனியம், குருவானவர் வீட்டுக் கதவுப் பூட்டு, ஒரு சமயம் என் பேனா.

அந்தப் படப்பெட்டி சீமைக்குத் திரும்பிப் போன ஒரு துரைசானி அம்மாள் விட்டுச் சென்றது. தேக்கு மரமும் பித்தளையுமாக, முன்னால் லென்ஸ், பின்னால் தேய்த்த கண்ணாடி, நடுவில் தோல் துருத்தி. கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துப் பார்த்தால் ஆட்கள் கண்ணாடியில் தலைகீழாகத் தெரிவார்கள். டீச்சர் கைக்கு வந்தபோது அதற்குப் போடும் கண்ணாடித் தகடு யுத்தத்தால் மதுரையிலேயே கிடைக்கவில்லை. வேறொருவராக இருந்தால் பெட்டியைத் துடைத்து அலமாரியில் வைத்திருப்பார். நானாக இருந்தால் துடைத்த தேதியையும் எழுதியிருப்பேன். அவர் பெட்டியைப் பிரித்தார்.

தகடு போகிற இடத்துக்குச் சட்டம் ஒன்று செய்து, உள்ளங்கை அளவுக்கு வெட்டிய புரோமைடு தாளை, அதாவது படம் அச்சிடுகிற தாளையே, தகடாக வைத்தார். அதில் விழும் நிழலைக் கழுவி, காயவைத்து, விளக்கெண்ணெய் தடவினால் தாள் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். அதை இன்னொரு தாள்மேல் வைத்து வெளிச்சம் காட்டினால் படம். இருட்டறை, பள்ளியின் விறகு அறை. அரிக்கேன் விளக்கைச் சுற்றிச் சிவப்புப் பட்டுத் துண்டு. "இந்தத் தாளுக்குச் சிவப்பு தெரியாது தம்பி. அதுக்கு இப்ப நாம இருட்டுலதான் இருக்கோம்" என்று ஒரு முறை விளக்கினார். நானும் தலையாட்டினேன். இந்த வாக்கியம் பின்னால் வருகிறது.

துருத்தியின் தோல் மடிப்புகளில் ஓட்டை விழுந்தபோது குடைத் துணியால் புதுத் துருத்தி தைத்தார். கறையான் வராதிருக்க மயில்துத்தம் கலந்த பசை. குடை யாருடையது என்று நான் கேட்கவில்லை. இரண்டு மாதம் கழித்துப் பள்ளி ஆய்வாளர் வந்தார். படம் எடுத்துக்கொள்ள விறைப்பாக உட்கார்ந்துகொண்டு, "போன தடவை வந்தப்ப என் குடைய எங்கயோ விட்டுட்டேன், நல்ல குடை" என்றார். "கிடைக்கும் சார், பக்கத்துலதான் இருக்கும். பெட்டியையே பாருங்க, ஆடாதீக" என்றார் டீச்சர். ஆய்வாளர் தன் குடையையே கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். மிக நல்ல படம்.

மல்லாங்கிணறுப் பக்கம் காடு உழுகிற ஒரு சம்சாரி தன் மாட்டைப் படம் எடுக்கக் கூப்பிட்டார். கரிசல் வெடித்துக் கிடந்தது. முக்காலியின் கால்கள் ஒவ்வொரு வெடிப்பாகத் தேடி இறங்கின. டீச்சர் அங்கேயே மூன்று சிரட்டை கேட்டு வாங்கி, துளை போட்டு, கால்களுக்குச் செருப்பாக மாட்டினார். பெட்டி நின்றது. மாடு நிற்கவில்லை. படத்தில் சம்சாரி தெளிவாக வந்தார். அவர் பக்கத்தில் ஒரு புகை. "என்னை யாரு எடுக்கச் சொன்னா? மாட்டுக்குல்ல படம் கேட்டேன்" என்று அவர் சண்டைக்கு வந்தார். டீச்சர் கோபப்படவில்லை. மாடு படுத்து அசைபோடும் வரை நாலு மணி நேரம் வெயிலில் காத்திருந்து எடுத்துக் கொடுத்தார். இந்தத் தடவை தாடை மட்டும் புகை.

இங்கெல்லாம் எனக்கென்ன வேலை என்றால், நான்தான் அவருடைய கடிகாரம். லென்ஸ் மூடி ஒரு பவுடர் டப்பாவின் மூடி. அதைக் கழற்றி, எட்டு விநாடியோ பத்து விநாடியோ விட்டு, திரும்ப மூட வேண்டும். அந்தக் கணக்கைச் சொல்ல நான். அப்போது எனக்கு முப்பத்து நான்கு வயது. பத்திரப் பதிவு ஆபீசில் நகல் எழுதும் குமாஸ்தா. ஒவ்வொரு நகலின் அடியிலும் "அசலோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். பதினோரு வருட உத்தியோகத்தில் ஒரு புள்ளி விட்டதில்லை என்று நானே ஊரில் சொல்லிக்கொண்டிருந்தேன். வேறு யாரும் சொல்லவில்லை.

என் கடிகாரத்தைப் பற்றியும் அப்படித்தான். திருச்சுழியில் சரியான நேரம் என்பது என் சட்டைப்பையில் இருப்பது. பள்ளிக்கூட மணியை எப்போதும் சீக்கிரம் அடித்தார்கள். அருப்புக்கோட்டை பஸ் எப்போதும் முன்னதாகவே போய்விடும். மாதம் ஒரு முறை விருதுநகர் ஸ்டேஷனுக்குப் போகும்போதெல்லாம் அங்கிருந்த கடிகாரம் கால் மணி நேரம் முந்தியே ஓடியது. பயணிகள் ரயிலைத் தவறவிடக்கூடாது என்று நல்லெண்ணத்தில் அப்படி வைத்திருக்கிறார்கள் என்று முடிவு செய்து, ரயில்வேக்கு மரியாதையாக என்னுடையதைத் திருத்திக்கொள்வேன். டீச்சர் ஒவ்வொரு தடவையும், "மணி என்ன தம்பி?" என்று கேட்டுவிட்டு, "அதை ஒரு நா கொடுங்களேன், பிரிச்சுப் பாத்துட்டுத் தாரேன்" என்பார். நான் சட்டைப்பையைப் பொத்திக்கொள்வேன்.

என் தங்கை பாக்கியத்துக்கு இருபத்து மூன்று வயது. இரண்டு இடம் வந்து தட்டிப்போயிருந்தது. மூன்றாவதாகக் கொழும்பில் கடை வைத்திருந்த ஒருவர். அவருடைய அம்மா வந்து பார்த்துச் சரி சொல்லிவிட்டார். மாப்பிள்ளைக்கு வர முடியவில்லை. மாசி பாதிக்குள் பெண்ணின் படம் வந்தால் பங்குனியில் வருவதாகவும், வராவிட்டால் அங்கேயே பேசிவைத்திருக்கும் இடத்துக்குச் சரி சொல்லிவிடுவதாகவும் எழுதியிருந்தார். மதுரையில் ஸ்டுடியோ உண்டு. ஆனால் அம்மா, "வயசுப்பிள்ளைய ஒரு ஆம்பள கறுப்புத் துணிக்குள்ள பூந்துக்கிட்டுப் பாப்பானா? வேணாம்யா" என்றுவிட்டார். டீச்சர் என்றதும் சம்மதித்தார். கண்ணாடியில் ஆள் தலைகீழாகத் தெரியும் என்று நான் உளறியதால் மறுபடி சிக்கல் வந்தது. கடைசியில் அம்மாவே துணிக்குள் தலைவிட்டுப் பார்த்து, சேலை விழாமல் நிற்கிறது என்று உறுதி செய்துகொண்டார்.

முதல் படம் ஜனவரி 25, வெள்ளிக்கிழமை. நல்ல நாளாக நான்தான் பார்த்துக் குறித்தேன். மஞ்சளுக்கும் பொறுப்பு நானே. வெள்ளிக்கிழமை எப்படியும் பெண்கள் மஞ்சள் பூசிக் குளிப்பார்கள். பளிச்சென்று வரவேண்டுமே என்று வழக்கத்தைவிட இரு மடங்கு பூசச் சொன்னேன். டைரியில் இருக்கிறது: "மஞ்சள் இரட்டிப்பு. ஏற்பாடு என்னுடையது." நேரில் அவள் முகம் பூசணிப்பூப் போல இருந்தது. நான் கடிகாரத்தைப் பார்த்து எட்டு விநாடி சொன்னேன்.

மாலையில் டீச்சர் படத்தைக் கொண்டுவந்தார். கழுத்தும் கையும் மாநிறம். தாடைக்கு மேலே அடுப்பிலிருந்து இறக்கிய சட்டி. கண் இரண்டும் அதற்குள்ளிருந்து பார்த்தன. அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். பாக்கியம் படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்துவிட்டு, "நாந்தானா அண்ணே இது?" என்றாள்.

டீச்சர் முகம் விழுந்துவிட்டது. "எங்கயோ வெளிச்சம் ஒழுகியிருக்கு. இல்ல, நேரம் பத்தல. தம்பி, எட்டுதானே விட்டோம்? அந்தக் கடிகாரத்தை ஒரு தடவ…"

"கடிகாரத்துல தப்பே வராது டீச்சர். உங்க குடைத்துணிதான் ஒழுகுது" என்றேன். இதையும் எழுதிவைத்திருக்கிறேன். "காரணம்: துருத்தி" என்று சிவப்பு மையில்.

அவர் அதை நம்பினார். என்னை நம்பாதிருக்க அவருக்குத் தோன்றவே இல்லை. அன்றிரவே துருத்தியைப் பிரித்தார். அறுபத்து நான்கு மடிப்பையும் பிரித்து, இரட்டைத் துணியாகத் தைத்தார். சட்டத்தின் இடுக்கில் வெல்வெட் ஒட்டினார். லென்ஸைக் கழற்றி வைத்துத் துடைத்தார். கண்ணாடியை மாற்றினார். பள்ளி முடிந்ததும் உட்கார்ந்தால் விளக்கேற்றும் வரை ஊசியும் கையுமாக இருந்தார். வழியில் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "உங்க தங்கச்சிக்கு நான்தான் இடைஞ்சல் பண்ணிட்டேன் தம்பி" என்பார். நான் பெருந்தன்மையோடு, "பரவாயில்ல டீச்சர்" என்பேன். அதைப் பதினைந்து நாளில் ஐந்து தடவை சொல்லியிருக்கிறேன். கணக்கு இருக்கிறது.

பிப்ரவரி 9, சனிக்கிழமை மாலை, டீச்சர் எங்கள் வீட்டுக்கே வந்தார். கையில் பிள்ளைகளுக்கு நிறம் சொல்லிக்கொடுக்கும் அட்டை. வரிசையாக ஏழு நிற நூல் சுற்றியது. கூடவே, புதுத் துருத்தியைச் சோதிக்க அந்த அட்டையையே எடுத்த படம்.

"பெட்டியில ஒரு பொட்டு ஒழுகல் இல்ல. இதப் பாருங்க. சிவப்பு நூலு கறுப்பா வந்திருக்கு. நீலம் வெள்ளையா வந்திருக்கு. மஞ்ச?"

மஞ்சள் நூல், படத்தில் கரி.

"இந்தத் தாளுக்குச் சிவப்பு தெரியாதுன்னு நானே உங்களுக்குச் சொன்னேன். மஞ்சளும் தெரியாதுன்னு எனக்கு உறைக்கல. எங்க சபைப் பொம்பளைக யாரும் மஞ்ச பூசுறதில்ல. இத்தனை வருசத்துல மஞ்ச முகத்தை இந்தப் பெட்டி பாத்ததே உங்க தங்கச்சியத்தான்."

இரட்டிப்பு மஞ்சள் யார் ஏற்பாடு என்று அவர் கேட்கவில்லை. பாக்கியம் கேட்காமலே சொன்னாள். "அண்ணன்தான் டீச்சர். குழைச்சுக் கொடுக்காததுதான் பாக்கி." டீச்சர் சிரிக்கவில்லை. நான் கடிகாரத்தை எடுத்து மணி பார்த்தேன்.

கொழும்புக்குப் போகிற பந்தல்குடி மாமா புதன்கிழமை விடியலில் தனுஷ்கோடிக்குக் கிளம்புகிறார். தாளும் மருந்தும் தயார் செய்யத் திங்கள் ஆகிவிடும் என்றார் டீச்சர். எனவே செவ்வாய் காலை.

அந்த மூன்று நாளும் என் மூளை சும்மா இருக்கவில்லை. மஞ்சள் கறுப்பாக வந்ததைப் பற்றி நான் மேலும் யோசிக்கவில்லை. நீலம் வெள்ளையாக வந்ததைப் பற்றியே யோசித்தேன். செவ்வாய்க்கிழமை ஏழு மணிக்குப் பள்ளிக்குப் போனபோது (மணி அதற்கு முன்பே அடித்துவிட்டார்கள்) என் சட்டைப்பையில் வேட்டிக்குப் போடும் நீலம் ஒரு பொட்டலமும், அரிசி மாவு ஒரு பொட்டலமும் இருந்தன.

முதலில், பாக்கியத்தோடு வந்திருந்த அம்மாவின் வழக்கு.

"செவ்வாக்கெழமை அதுவுமா மஞ்ச இல்லாத மூஞ்சியோடயா படம் பிடிக்கிறது? பாக்குறவுக என்ன நெனைப்பாக?"

"மஞ்சளக் கால்ல பூசுங்கம்மா. கைநிறையப் பூசுங்க. கால் படத்துல வராது" என்றார் டீச்சர்.

"படத்துல வராததுக்கு எதுக்குப் பூசணும்?"

"முகத்துல பூசினாலும்தான் படத்துல மஞ்சளா வரல. யாருக்காகப் பூசுறீக? உங்க மனசுக்குத்தானே? அது காலுல இருந்தாலும் இருக்கும்."

அம்மா மஞ்சள் கிண்ணத்தைக் கையில் எடுத்தார். பிறகு, "டீச்சரம்மா சர்ச்சுக்குப் போற வேதக்காரவுகன்னாலும் நாயம் பேசுறாக" என்று என்னிடம் சொல்லிவிட்டு, பாக்கியத்தின் காலில் முட்டி வரை பூசினார்.

நான் டீச்சரை ஓரமாகக் கூப்பிட்டுப் பொட்டலங்களைக் காட்டினேன். மாவில் நீலத்தை இத்தனைக்கு இத்தனை என்று கலந்து லேசாகப் பூசினால், நேரில் கொஞ்சம் சாமி நிறமாகத் தெரிந்தாலும், படத்தில் நல்ல வெளுப்பாக வரும் என்று விளக்கினேன். விகிதம் வேறு எழுதிக்கொண்டு போயிருந்தேன்.

டீச்சர் தாளை வாங்கிப் படித்தார். "அழகா யோசிச்சிருக்கீக" என்றார். நான் பொட்டலத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன்.

"தம்பி, ஒருத்தருக்குப் பத்திரத்துக்கு நகல் எழுதுறீக. அசல்ல மூணு ஏக்கர் கரிசல்னு இருக்கு. பாக்க நல்லாயிருக்கும்னு நகல்ல அஞ்சு ஏக்கர் நஞ்சைன்னு எழுதுவீகளா?"

"அது எப்படி டீச்சர்…"

"எழுதிட்டு, கீழ சரிபார்த்தேன்னு கையெழுத்தும் போடுவீகளா?"

நான் பொட்டலத்தை மடிக்க ஆரம்பித்தேன். நன்றாக நான்கு மூலையும் சேர்த்து மடித்தேன். பாக்கியத்துக்குக் காது நல்ல காது. ஸ்டூலில் உட்கார்ந்தபடியே, "அவரு பங்குனில வந்து இறங்கும்போது தெனமும் என் மூஞ்சியில நீலம் போட்டு விடுவீகளா அண்ணே? வேட்டியோட சேத்து?" என்றாள்.

முகத்தை வெறுமனே கழுவி, பொட்டு மட்டும் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்தாள். டீச்சர் கறுப்புத் துணிக்குள் போனார். கண்ணாடியில் தலைகீழாக இருந்தவளிடம், "தாடையை இறக்காதம்மா, ம், அங்கயே" என்றார். வெளியே வந்து, தாளை வைத்து, டப்பா மூடியில் கை வைத்து என்னைப் பார்த்தார். நான் கடிகாரத்தை எடுத்தேன்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு…" என்று விநாடி முள்ளோடு எண்ணினேன். எட்டு சொல்வதற்குள் அவர் மூடிவிட்டார்.

"ஆறுதான் ஆச்சு!" என்று கத்தினேன்.

"எட்டு தம்பி. எட்டுத் தையல் மனசுக்குள்ள போட்டேன். நாப்பது வருசமா ஒரே அளவுல போடுறேன். உங்க முள்ளு நடுவுல நின்னுச்சு."

"நிக்காது."

"பாருங்க."

பார்த்தோம். நான், டீச்சர், அம்மா, பாக்கியம், நாலு பேரும் ஒரு கடிகாரத்தின் மேல் குனிந்து நின்றோம். விநாடி முள் நாற்பதைத் தாண்டியது. நாற்பத்து மூன்றில் நின்றது. யோசித்தது. ஒரு சிலிர்ப்புச் சிலிர்த்துப் புறப்பட்டது. அடுத்த சுற்றில் நிற்கவில்லை. அதற்கடுத்த சுற்றில் நின்றது.

பள்ளிக்கூட மணி, அருப்புக்கோட்டை பஸ், விருதுநகர் ஸ்டேஷன் எல்லாம் வரிசையாக என் நினைவுக்கு வந்தன. அம்மா மட்டும், "அதுக்கும் வயசாச்சுல்ல" என்று கடிகாரத்துக்கு ஆறுதல் சொன்னார்.

மாலை நான்கு மணிக்கு (சுமாராக) படம் வந்தது. மாநிறம். சற்று முன் யாரையோ கிண்டல் செய்துவிட்டு அடக்கிக்கொண்ட முகம். பாக்கியம் அதை ஒரே முறை பார்த்து, "ம், நாந்தான்" என்றாள். உறைக்குள் போட்டு ஒட்டி, மாமாவிடம் சேர்க்கப் பந்தல்குடி பஸ்ஸில் நானே போய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஒட்டியது அவள். என் டைரியில் ஜனவரி 25ஆம் தேதிப் பக்கத்தில் ஒளித்து வைத்திருந்த மஞ்சள் முகப் படத்தையும் எடுத்து உள்ளே போட்டிருக்கிறாள். மார்ச்சில் கொழும்பிலிருந்து கடிதம் வந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. மாப்பிள்ளை மிகவும் மரியாதையாக, தமக்குப் பேசியிருப்பது அக்காவையா தங்கையையா என்று கேட்டிருந்தார். பாக்கியம் என்னிடம் பேனாவை வாங்கிப் பதில் எழுதினாள்: "இரண்டும் நான்தான். வெள்ளியும் செவ்வாயும் மஞ்சள் பூசுவேன். மற்ற நாளில் இன்னொன்று." பங்குனிக் கடைசியில் அவர் வந்தார். வந்தது ஒரு வியாழக்கிழமை. அவள் அன்று முகம் மட்டும் கழுவியிருந்தாள்.

ஆனால் பந்தல்குடியிலிருந்து திரும்பிய அன்றிரவு இதெல்லாம் எனக்குத் தெரியாது. டைரியைத் திறந்து, ஜனவரி 25ஆம் தேதிப் பக்கத்தில் "காரணம்: துருத்தி" என்பதை அடித்தேன். அதற்குப் பக்கத்தில் சரியான காரணத்தை எழுத இடம் போதவில்லை. பின்னால் பதினோரு வருடத்து டைரிகள் அடுக்கில் நின்றன. ஒவ்வொரு பக்கத்திலும் எழுந்த நேரம், குளித்த நேரம், உண்ட நேரம்.

1946 பிப்ரவரி 13, புதன்கிழமை. காலையில் எழுந்தேன். அந்தப் பக்கத்தின் முதல் வரி இவ்வளவுதான். கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கவில்லை. குளிப்பதற்கு முன்பே அதைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு டீச்சர் வீட்டுக்குப் போனேன். அவர் வாசலில் கோலமாவு இல்லாத வெறும் சாணித்தெளிப்பைப் பார்த்தபடி பல் விளக்கிக்கொண்டிருந்தார்.

"வாங்க தம்பி. மணி என்ன?"

"தெரியலை டீச்சர்" என்றேன்.

அவர் வாயைக் கொப்பளித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, துண்டை வாங்கி அவிழ்த்தார். கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அழகா இருக்கு" என்றார். தோளிலிருந்து ஊசியை எடுத்தார்.